சைரன் போட்டால் சிக்னல் இல்லையா?

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களும் அவர்களுக்கு வழிவிடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதில் 2019-ல் வந்த திருத்தங்கள், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் 2017 ஆகியவற்றை வைத்துத்தான் பதில்கள்.

கேள்வி: தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். நெஞ்சுவலி நோயாளியோடு போகும்போது சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குக் கேமரா செல்லான் வந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு விதிவிலக்கு உண்டு என்கிறார்கள். எந்தச் சட்டத்தில் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு. பிறகு அதே பயணம் சம்பந்தமாக வேறு பிரச்சினை வந்தால் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

யாருக்கும் தெரியாததற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் இந்த விலக்கு கண்ணில் படாது. வேக வரம்பைச் சொல்லும் 112-வது பிரிவு, ராணுவப் பயிற்சியில் உள்ள பாதுகாப்புத் துறை வண்டிகளைத்தான் விலக்குகிறது. சாலைக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லும் 119-வது பிரிவில் ஆம்புலன்ஸ் என்ற பேச்சே இல்லை. விலக்கு இருப்பது, 118-வது பிரிவின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல் வாகனம் ஆகியவை அவசரப் பணியில் இருக்கும்போது, உரிய கவனத்தோடு சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம் என்று அதில் இருக்கிறது.

அந்தச் சலுகை மூன்று கால்களில் நிற்கிறது. உயிரைக் காக்கவோ உடல்நலத்துக்குப் பெரிய கேடு வராமல் தடுக்கவோ அந்தப் பயணம் நடந்திருக்க வேண்டும். சுழல்விளக்கும் சைரனும் இயங்கியிருக்க வேண்டும். கவனத்தோடு ஓட்டியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நீங்கள் சிக்னலை மீறிய சாதாரண ஓட்டுநர்தான். சிக்னல் மீறலை 2019 திருத்தம் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்துவிட்டது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இனி செல்லானுக்கு வருவோம். கேமரா எடுக்கும் படத்துக்குக் காது கிடையாது. சைரன் ஒலித்ததா என்பது அதில் தெரியாது. எல்.இ.டி. சுழல்விளக்கு விட்டுவிட்டு எரிவதால், அணைந்திருந்த நொடியில் படம் விழுந்திருந்தால் விளக்கே போடாத வண்டி மாதிரி இருக்கும். அதனால் ஒற்றைப் படத்தோடு விடாமல் வீடியோ பதிவைக் கேளுங்கள். ஐந்து நொடிப் பதிவிலேயே விளக்கு மின்னுவது தெரிந்துவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் மின்னணுக் கண்காணிப்பைப் பற்றிய 167ஏ விதிப்படி, வழக்கு முடியும்வரை அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நோட்டீஸும் சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். தேதியைச் சரிபாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அழைப்பு வந்த நேரம் காட்டும் பதிவு, டிரிப் ஷீட், ஜி.பி.எஸ். தடம், மருத்துவமனை அவசரப் பிரிவில் நோயாளியைச் சேர்த்த நேரம், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் ரெஃபரல் கடிதத்தின் நகல். இவற்றோடு இ-செல்லான் தளத்தில் புகார் பதியுங்கள். செல்லான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விவகாரம் ஏற்கெனவே மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதென்றால், பணம் கட்டுவதற்குப் பதிலாக வழக்கை எதிர்ப்பதாகத் தெரிவிக்கும் வாய்ப்பு அங்கே உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

பெரும்பாலான முறையீடுகள் டிரிப் ஷீட்டில்தான் சறுக்குகின்றன. ஷிஃப்ட் முடிந்தபின் எல்லாப் பயணத்தையும் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவார்கள். 10.15, 10.30, 10.45 என்று வட்டமாக நேரம் விழும். கேமராவோ 10 மணி 22 நிமிடம் 41 நொடி என்று காட்டும். இரண்டும் ஒட்டாவிட்டால் தாள் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். புறப்பட்டது, நோயாளியை ஏற்றியது, மருத்துவமனை வாசல் என மூன்று நேரத்தையும் அப்போதைக்கப்போதே செல்போன் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், கிலோமீட்டர் அளவோடு. உள்ளே ஒலியையும் சேர்த்துப் பதியும் டேஷ் கேமரா ஒன்று இருந்தால் சைரன் பற்றிய வாதமே எழாது.

கேள்வி: நோயாளியே இல்லாத ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு போகிறது. இது முறையா?

பதில்: நோயாளியை எடுக்கப் போகிற வண்டியாக இருக்கலாம். காலியாகப் போனாலும் அது அவசரப் பயணம்தான். அடிபட்டுக் கிடக்கிறவருக்கு அந்த வண்டி போய்ச் சேரும் நேரம்தான் முக்கியம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் வழிவிடுகிறவர் ஆராய்ச்சி செய்யக் கூடாது.

ஆனால் ஓட்டுநருக்குத் தெரியும். இறக்கிவிட்டுத் திரும்பும் பயணம், குணமாகி வீடு திரும்புகிறவரைக் கொண்டுவிடுவது, முன்பே நேரம் குறித்த டயாலிசிஸ், டீசல் போடப் போவது, இவை எதற்கும் சைரன் கிடையாது. உடலை எடுத்துச் செல்வதற்கும் கிடையாது. அமரர் ஊர்திக்குச் சுங்கக் கட்டண விலக்கு உண்டு, பர்மிட் விலக்கும் உண்டு. சாலையில் முன்னுரிமை இல்லை. உறவினர்கள் அவசரப்படுத்துவார்கள், துக்கத்தில் இருப்பவர்களிடம் மறுத்துப் பேசுவது சங்கடம்தான். ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு விபத்து நடந்தால் மேலே சொன்ன மூன்று கால்களில் முதல் கால் ஏற்கெனவே உடைந்திருக்கும்.

கேள்வி: சைரன், விளக்கு எல்லாம் போட்டுத்தான் சிக்னலைத் தாண்டினேன். பக்கவாட்டில் வந்த பைக் மோதிவிட்டது. தப்பு அவர் மேல்தானே? வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சொல்கிறார்களே?

பதில்: அபராதம் உண்மை. 194இ பிரிவுப்படி ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ ஓரம் ஒதுங்கி வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதனால் மட்டும் உங்கள் பொறுப்பு கழிந்துவிடாது. சிவப்பு விளக்கைத் தாண்டும் அனுமதியோடு, தாண்டுவது பாதுகாப்பா என்று பார்க்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பச்சை விளக்கை நம்பி வந்தவர் உங்களைப் பார்க்கவோ கேட்கவோ நியாயமான அவகாசம் இருந்ததா என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

அஜாக்கிரதையாக ஓட்டியதாக முடிவானால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு (6 மாதம் வரை), உயிரிழப்பு என்றால் 106(1) (5 ஆண்டு வரை) உங்கள் மேல் வரும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்பதற்காக அந்தப் பிரிவுகளில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இரண்டு பக்கத் தவறையும் எடைபோட்டு விழுக்காட்டில் பிரிக்கும். பைக் ஓட்டியவர் வழிவிடவில்லை என்ற வாதம் அங்கே உதவலாம், முழுதாக விடுவிக்காது.

சந்திப்பைக் கடக்கும் முறையில்தான் பாதி வழக்குகள் தீர்மானமாகின்றன. 50, 60 மீட்டர் முன்பே சைரனின் ஒலியை மாற்றுங்கள்: நீளமாக ஏறி இறங்கும் ஒலியிலிருந்து, வெட்டி வெட்டி வரும் துரித ஒலிக்கு. ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருப்பதைக் காது ஒதுக்கிவிடும், மாறினால் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடி ஏற்றி, ஏ.சி.யும் பாட்டும் ஓடுகிற காருக்குள் நீங்கள் மிக நெருங்கிய பிறகுதான் சத்தம் எட்டும். இருபுறமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் ஒலி எதிரொலித்து, எந்தத் திசை என்று கேட்பவருக்குப் பிடிபடாது. அதனால் ஸ்டாப் லைனில் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுவதால் முதலில் உங்கள் மேல் வருவது வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிதான். வலத்தைப் பார்த்து, அந்தத் தடங்கள் நின்றபின் நடுக்கோடு வரை போய், பிறகு இடப்பக்கத்தைப் பார்த்துக் கடக்க வேண்டும். ஒவ்வொரு தடமும் ஒரு தனிச் சந்திப்பு.

நின்று வழிவிட்ட பேருந்துதான் பெரிய ஆபத்து. அது நின்றுவிட்டது என்ற தைரியத்தில் வேகம் எடுப்பீர்கள். பேருந்து ஏன் நிற்கிறது என்று தெரியாத பைக், அதன் மறைவிலிருந்து ஒதுங்கி முன்னே வரும். உங்களைப் போலவே இன்னொரு அவசர வண்டி குறுக்கே வருவதும் உண்டு. உங்கள் சைரனில் அதன் சைரன் அமுங்கிப்போகும். அப்படி நேருக்கு நேர் வந்தால் முன்னுரிமை வரிசை இது: தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அடுத்து காவல் வாகனம். போக்குவரத்துக் காவலர் கைகாட்டினால் அதற்குக் கட்டுப்படுங்கள். எதிர்த்திசைச் சாலையில் நுழைய வேண்டியிருந்தாலும் அவர் வரும் வண்டிகளை நிறுத்தித் தந்தபிறகு நுழைவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. 5 கிலோமீட்டர் தூரத்தை 60-ல் ஓட்டினால் 5 நிமிடம், 80-ல் ஓட்டினால் 3 நிமிடம் 45 நொடி. மிச்சம் 75 நொடி, அதுவும் வழியில் எங்குமே வேகம் குறையாமல் இருந்தால். ஒன்றரை நொடியில் பிரேக்கில் கால் விழும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தாரில் 60-ல் போகும் வண்டி நிற்க ஏறக்குறைய 48 மீட்டர் ஆகும். 80-ல் அது 74 மீட்டர். பின்னால் நோயாளியின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும் மருத்துவ உதவியாளர் பெல்ட் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் ஒரு முறை பிரேக்கை மிதித்தால் அவர் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கும். வேகமானி முள் ஏறுவதைவிட ஒரே சீராகப் போவது நோயாளிக்கு அதிகம் உதவும்.

மோதிவிட்டால் நிறுத்த வேண்டும். 134-வது பிரிவுப்படி காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்துக்குச் சீக்கிரமாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரம், தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணம் இவற்றுக்கு அந்தப் பிரிவே இடம் தருகிறது. உள்ளே கவலைக்கிடமான நோயாளி இருந்தால் 108-க்கும் 112-க்கும் அங்கிருந்தே பேசி அடுத்த வண்டியை வரவழையுங்கள், அதுவரை உதவியாளர் காயம்பட்டவரைப் பார்க்கட்டும். அழைப்பு நேரங்கள் செல்போனில் பதிவாகியிருக்கும். யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடுவதுதான் வழக்கில் உங்களைக் கவிழ்க்கும்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு பழைய வேன் நன்கொடையாக வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி, சைரன் வைத்து ஓட்டலாமா? பர்மிட், டோல், லைசென்ஸ் எல்லாம் எப்படி?

பதில்: ஸ்டிக்கரில் எதுவும் மாறாது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டியின் வகை ஆம்புலன்ஸ் என்று இருக்க வேண்டும். சொந்த உபயோக வேனாகப் பதிவான வண்டியை மாற்றுவதற்கு 52-வது பிரிவின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் பேசிவிட்டுப் பிறகு உள்ளே ஸ்ட்ரெச்சருக்கு இடம் வெட்டுங்கள். பலர் வேலையை முடித்துவிட்டுப் போய் நிற்கிறார்கள், ஆய்வில் திருப்பி அனுப்பினால் செலவு இரட்டிப்பு. ஏ.ஐ.எஸ்.-125 என்ற தர அளவுகோல் சாலை ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதலுதவியாளர் செல்லும் வண்டி, நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. உங்களுடையது எதில் வரும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பல ஒலி எழுப்பும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி பொதுவாகத் தடை செய்துவிட்டு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல் வாகனம் போன்ற சிலவற்றுக்கு மட்டும், பதிவு அதிகாரி ஒப்புக்கொண்ட ஒலியாக இருந்தால், விடுகிறது. வகை மாறாத வண்டியில் சைரன் வைத்தால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும்.

பர்மிட் வேண்டாம். ஆம்புலன்ஸ் பணிக்கு மட்டுமே பயன்படும் வண்டிக்கு 66(3) பிரிவு விலக்கு தருகிறது. ‘மட்டுமே’ என்பதைக் கவனியுங்கள். வாரக் கடைசியில் அதே வண்டியில் பந்தல் சாமான் ஏற்றினால் விலக்கு போய்விடும். பர்மிட் வேண்டாம் என்றதும் எஃப்.சி.யும் (தகுதிச் சான்றும்) வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கட்டாயம். 8 ஆண்டு வரையிலான வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவதிலிருந்து அதே விதிகளின் 118-வது விதி ஆம்புலன்ஸை விடுவிக்கிறது.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கட்டணம் இல்லை, 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. சிக்னல் விலக்கு பயணத்தைப் பொறுத்தது என்றால், இது வண்டியைப் பொறுத்தது. சாதாரண ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் இயந்திரம் பணத்தை எடுத்துவிடும். ஆர்.சி. நகலோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் விண்ணப்பித்து, விலக்கு வகை ஃபாஸ்டேக் வாங்கி ஒட்டுங்கள். மாநில அரசின் கட்டணச் சாலைகளில் அந்தந்தச் சாலைக்கான அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லைசென்ஸில் ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கமான ஆம்புலன்ஸ் வேன்கள் இந்த எடைக்குள் அடங்கிவிடும். பேட்ஜ் (போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான தனி ஒப்புதல்) இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இன்ஷூரன்ஸ்காரர் கைவிரித்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

கேள்வி: பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது, முன்னால் சிவப்பு விளக்கு, நான் முதல் வரிசையில் நிற்கிறேன். தாண்டி வழிவிட்டால் கேமரா பிடிக்கிறது. விடாவிட்டால் 10,000. என்னதான் செய்வது?

பதில்: ஓரம் ஒதுங்கச் சொல்கிறது சட்டம், சிக்னலைத் தாண்டச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கான விலக்கு உங்களுக்குத் தொற்றாது. இடது பக்கம் சாய்ந்து, ஸ்டாப் லைனைக் கடந்து ஒரு வண்டி நீளம் ஊர்ந்து நின்றாலே பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். சந்திப்பின் நடுவே போய்விடாதீர்கள். செல்லான் வந்தால் வீடியோவைக் கேட்டு முறையிடுங்கள், பின்னாலேயே ஆம்புலன்ஸ் கடந்து போவது அதில் இருக்கும். காவலரே கைகாட்டி முன்னே வரச் சொன்னால் தயங்காமல் போகலாம்.

வழிவிட்ட கையோடு ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பறப்பவர்களுக்கும் சேர்த்து: அவசர வண்டிக்குப் பின்னால் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். நோயாளியின் சொந்தக்காரர் காருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஆம்புலன்ஸ் கிடைக்காமல் சொந்தக் காரில், முகப்பு விளக்கைப் போட்டு வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு போனால் சலுகை உண்டா?

பதில்: இல்லை. மக்கள் மனமிரங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். வழக்கு வந்தால், பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-வது பிரிவைச் சுட்டி வாதாடலாம். அது நீதிமன்றத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டிய விஷயம், சாலையில் காட்டும் அனுமதிச் சீட்டு அல்ல. முடிந்தால் 108-க்குப் பேசி, பாதி வழியில் சந்திக்கும் இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டும்போது மருத்துவமனையோடு போனில் பேச ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அனுமதி உண்டா? மது விஷயத்தில்?

பதில்: இரண்டுக்கும் இல்லை. கையில் பிடித்த போனை வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். மருத்துவமனையோடு பேசுவது உதவியாளரின் வேலை. மதுவில் எல்லோருக்கும் உள்ள அதே வரம்புதான்: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.

கேள்வி: ரயில்வே கேட் மூடியிருந்தால் ஆம்புலன்ஸுக்காகத் திறக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் கேட் கீப்பரால் முடியாத நிலை இருக்கும். சிக்னலோடு பூட்டிணைப்பு உள்ள கேட்டில், ரயிலுக்கு வழி கொடுத்தபின் அவர் நினைத்தாலும் கேட் எழும்பாது. அவர் நிலைய அதிகாரியிடம் போனில் கேட்டு, ரயில் தொலைவில் இருந்து, சிக்னலைத் திரும்பப் பெற முடிந்தால்தான் உண்டு. நீங்களே திறந்தால் ரயில்வே சட்டத்தின் 160-வது பிரிவில் 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு ஆம்புலன்ஸைப் பிரித்துப் பார்க்கவில்லை. கேட் உள்ள வழியில் அடிக்கடி போகிறவர்கள் அந்தத் தடத்தின் ரயில் நேரங்களையும், மேம்பாலம் வழியாகச் சுற்றினால் எத்தனை நிமிடம் கூடும் என்பதையும் எழுதி கேபினில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.